திரும்பி உள்ளே போன ஹெட் கேஷியர்

மே மாதம், மத்தியானம் இரண்டரை மணி. கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இவர் ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கு ஸ்ரீரங்கத்து வெயிலைத் திண்ணையில் உட்கார்ந்து எதிர்கொள்ளும் துணிச்சல் கிடையாது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. பையன் போன தடவை வந்தபோது ஏற்றிவைத்த படங்களும் இருந்தன. அதில் 'டாக் டே ஆஃப்டர்நூன்' கண்ணில் பட்டதும், சரி, வேர்த்து வழிகிற நேரத்தில் பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்று போட்டுவிட்டேன். எனக்கு இது மூன்றாம் முறை.

பெயரிலேயே வெயில் இருக்கிற படம். சிரியஸ் என்கிற நாய் நட்சத்திரம் சூரியனோடு சேர்ந்து உதிக்கும் கோடை நாட்களை அமெரிக்கர்கள் 'டாக் டேஸ்', அதாவது நாய் நாட்கள், என்கிறார்கள். நாம் அக்னி நட்சத்திரம் என்பதைப் போலத்தான். அவர்களுக்கும் நமக்கும் மண்டை காய்வதற்கு ஒரு நட்சத்திரத்தின் மேல் பழி போட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அது ஜூலை, ஆகஸ்ட். இந்தக் கதை நிஜமாக நடந்ததும் ஒரு ஆகஸ்ட் மாதத்தில்தான். 1972 ஆகஸ்ட் 22, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி, கிரேவ்ஸெண்ட் என்கிற பேட்டையில் அவென்யூ பி-யும் கிழக்கு 3ஆம் தெருவும் சந்திக்கிற முனையில் இருந்த சேஸ் மன்ஹாட்டன் வங்கிக் கிளை. பிற்பகல் மூன்று மணி வாக்கில், கிளை மூடப்போகிற நேரத்தில், மூன்று பேர் துப்பாக்கியோடு கொள்ளையடிக்க வந்தார்கள். சில நிமிடங்களில் முடிய வேண்டிய வேலை மறுநாள் விடியும்வரை, ஏறக்குறைய 14 மணி நேரம், இழுத்தது.

என் பையன் இந்தப் படத்தை எனக்கு முதலில் காட்டியபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "பேங்க் கொள்ளைப் படம்மா, உனக்குப் பிடிக்கும்" என்றான். பேங்கில் வேலை பார்ப்பவளுக்குப் பேங்க் கொள்ளைப் படம் பிடிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. நான் 1984இல் கிளார்க்-கம்-கேஷியராகச் சேர்ந்து, பாதிக்கு மேல் சர்வீஸை ஹெட் கேஷியராகக் கழித்து ஓய்வு பெற்றவள். கொள்ளைப் படங்களில் வருகிற வங்கிகள் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும். கதாநாயகன் லாக்கர் கதவில் காதை வைத்துக் கேட்பான், கதவு திறந்துகொள்ளும். எங்கள் ஸ்ட்ராங் ரூமை இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று என்னிடம். என் தங்கை கல்யாணத்துக்கு முகூர்த்தம் காலை ஏழரைக்கு. தாலி கட்டியதும் பட்டுப் புடவையோடு பஸ் ஏறி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, திரும்பப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவள் நான்.

அப்படிப்பட்டவளை இந்தப் படம் முதல் பத்து நிமிடத்தில் பிடித்துப்போட்டுவிட்டது. காரணம், இதில் கொள்ளைக்காரனுக்கு வங்கி வேலை தெரிந்திருக்கிறது. அல் பசீனோ நடித்த சோனி, நீளமான பூப்பெட்டி ஒன்றில் துப்பாக்கியை வைத்து ரிப்பன் கட்டிக் கொண்டுவருகிறான். எடுக்கும்போது ரிப்பனில் மாட்டிக்கொண்டு தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றத்தில் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த நிமிடம் கேமரா கண்ணாடிகளில் பெயின்ட் அடிக்கிறான். எந்தக் கட்டில் அலாரம் கோர்த்திருப்பார்கள், எதை எடுக்கக் கூடாது என்று கேஷியர்களுக்கே பாடம் எடுக்கிறான். நிஜ சோனியான ஜான் வோட்டோவிச் முன்பு வங்கியில் கேஷியராக வேலை பார்த்தவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். அப்போது வயது 27.

படத்தில் உள்ளே போன மூன்று பேரில் ஒருவன் ஆரம்பத்திலேயே பயந்துவிடுகிறான். "என்னால முடியாது" என்கிறான். சரி போ, ஆனால் காரை எடுக்காதே என்கிறான் சோனி. அப்போ நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்று அவன் கேட்கிறான். சப்வே ரயிலில் போ என்று பதில் வருகிறது. கொள்ளை நடந்துகொண்டிருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். நிஜத்திலும் மூன்றாவது ஆள் ஆரம்பத்திலேயே நழுவிவிட்டான்.

அப்புறம் பெட்டகத்தைத் திறந்தால் பணம் இல்லை. அன்றைய ரொக்கத்தை அதற்கு முன்பே தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். படத்தில் மிச்சம் இருப்பது 1,100 டாலர். நிஜத்தில் அப்படி இல்லை, பல ஆயிரம் டாலரும் டிராவலர்ஸ் செக்குகளும் கிடைத்தன. ஆனாலும் படம் செய்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. கேஷ் அனுப்புகிற நேரம் என்பது கிளையில் நாலைந்து பேருக்கு மட்டுமே தெரிகிற விஷயம். அனுமதித்த அளவு கேஷ் வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிட்டால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். அந்தக் கிளையின் ஹெட் கேஷியரும் அன்று அந்த நிம்மதியில் இருந்திருப்பாள். மூன்று மணிக்குப் பூப்பெட்டியோடு ஒருவன் வருகிறவரை.

டிராவலர்ஸ் செக்குக்கான பதிவேட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டு சோனி கொளுத்துகிறான். புகை வெளியே போகிறது. எதிர்க்கடைக்காரர் ஒருவர் என்னவென்று பார்க்க வருகிறார். கொஞ்ச நேரத்தில் மேஜையில் போன் அடிக்கிறது. எடுத்தால் எதிரே சலூனிலிருந்து போலீஸ் பேசுகிறது. அவ்வளவுதான், கொள்ளை முடிந்தது. அதற்குப் பிறகு படம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. ஆரம்பத்தில் நகரத்தின் வெயிலைக் காட்டும்போது எல்டன் ஜான் பாட்டு ஒன்று வரும், அதோடு சரி. மிச்சமெல்லாம் போன் மணி, ஹெலிகாப்டர், ஜனங்களின் கூச்சல், மின்விசிறி. கவுண்டரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். அந்த எரிச்சலை முப்பது வருடம் அனுபவித்தவளுக்கு இந்தப் படத்தின் போன் மணி நேராக நரம்பில் வந்து இறங்குகிறது.

இயக்குநர் சிட்னி லூமெட் செட்டுக்குள் அடைந்து இதை எடுக்கவில்லை. புரூக்ளினில் வின்ட்சர் டெரஸ் பக்கம் ஒரு தெருவில் கிட்டங்கி ஒன்றின் கீழ்த்தளத்தை வங்கியாக மாற்றினார்கள். அதனால் சோனி கதவைத் திறந்து வெளியே வந்தால் கேமராவும் கூடவே தெருவுக்கு வந்துவிடுகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வியர்வை வடிகிற படத்தை 1974இன் இலையுதிர் காலத்தில், குளிரில் எடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் பனிமூச்சு தெரிகிறதே என்று நடிகர்கள் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு வசனம் பேசினார்களாம். நான் அந்த நேரத்தில் ஒரு ஐஸ் கட்டிக்காக என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

நடுவில் ஒரு காட்சி. டி.வி. நிலையத்திலிருந்து போனில் நேரடிப் பேட்டி எடுக்கிறார்கள். ஏன் கொள்ளையடிக்கிறாய், ஒரு வேலை தேடிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறார் அறிவிப்பாளர். சோனி பிடித்துக்கொள்கிறான். வேலைக்கு யூனியன் அட்டை வேண்டும், யூனியன் அட்டைக்கு வேலை வேண்டும் என்கிறான். யூனியன் இல்லாத வேலைக்குப் போகலாமே என்றால், பேங்க் கேஷியருக்கு வாரத்துக்கு எவ்வளவு தருகிறார்கள் தெரியுமா, ஆரம்பச் சம்பளம் 115 டாலர், அதை வைத்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு எப்படி வாழ்வது என்று கேட்கிறான். உங்களுக்கு வாரத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அறிவிப்பாளரையே திருப்பிக் கேட்கிறான். அங்கே நான் தனியாகக் கை தட்டினேன். திண்ணையிலிருந்து "என்ன ஆச்சு?" என்று குரல் வந்தது. "சம்பளப் பேச்சுவார்த்தை" என்றேன். இருதரப்பு ஒப்பந்தத்துக்காகக் கொடி பிடித்து வாசலில் கோஷம் போட்ட தலைமுறை நாங்கள். எங்களுக்குச் சங்கம் இருந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கிமுனையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இல்லை. அவர்கள் சார்பில் சம்பளம் பேசியது கொள்ளைக்காரன் மட்டும்தான்.

ஆட்டிகா என்று சோனி கத்துகிற காட்சியைச் சினிமா தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆட்டிகா சிறைக் கைதிகள் 1971 செப்டம்பரில் கலகம் செய்து காவலர்களைப் பிணை வைத்தார்கள். ஐந்தாம் நாள் அரசு சுட்டுக்கொண்டே உள்ளே போனது. மொத்தம் 43 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரசுத் தரப்புக் குண்டுக்கு இரையானவர்கள், பிணையாக இருந்த சிறை ஊழியர்கள் உட்பட. அது நடந்து ஒரு வருடம்கூட ஆகாதபோதுதான் இந்தக் கொள்ளை. எழுதிய வசனத்தில் அந்த வார்த்தை இல்லை. கேமரா ஓடுவதற்குச் சற்று முன் உதவி இயக்குநர் காதில் போட்டுவிட, பசீனோ தெருவில் இறங்கிக் கத்த, கூட்டமும் சேர்ந்து கத்தியிருக்கிறது. கேட்பதற்கு கோஷம்போல் இருந்தாலும் பிணைக்கைதியின் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு அர்த்தம் வேறு: எங்களைக் காப்பாற்ற வருகிறவர்களிடமிருந்து எங்களை யார் காப்பாற்றுவது?

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். சில்வியா. அந்தக் கிளையின் ஹெட் கேஷியர். பெனலோப்பி ஆலன் என்கிற நடிகை. இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பசீனோவைச் சொல்வார்கள், சோனியின் கூட்டாளி சாலாக நடித்த ஜான் கசாலைச் சொல்வார்கள், இந்த அம்மாளைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் காட்சியிலிருந்து அந்தக் கிளையை நடத்துகிறவள் அவள்தான். கொள்ளைக்காரன் கெட்ட வார்த்தை பேசினால் அதட்டுகிறாள். அழுகிற பெண்ணைத் தட்டிக்கொடுக்கிறாள். திட்டம் போடாமலா வந்தீர்கள் என்று சோனியையே கேட்கிறாள். மேலாளருக்கு சர்க்கரை நோய். நடுராத்திரி மயங்கி விழுகிறார். டாக்டர் வந்து ஊசி போட்டு, வெளியே போகலாம் என்கிறார். அவர் மறுத்துவிடுகிறார். அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் மேலாளர் என்றால் அப்படி இருக்கத்தான் வேண்டும் என்று எங்கள் காலத்தில் நினைப்போம். சில்வியா விஷயம் அப்படி இல்லை. ஒரு கட்டத்தில் சோனியோடு அவள் வாசலுக்கு வருகிறாள். வெளியே போலீஸ், விளக்குகள், கேமராக்கள். ஓடிவந்துவிடு என்று கூப்பிடுகிறார்கள். நாலு எட்டு வைத்தால் தெரு. என் பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி உள்ளே போகிறாள்.

முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பையன் "என்னம்மா, போரடிக்குதா?" என்றான். பால் பொங்குகிறது என்று ஏதோ சொன்னேன்.

விஷயம் இதுதான். தொண்ணூறுகளின் நடுவில் நான் காவிரிக் கரையோரம் ஒரு சின்ன ஊரில் ஹெட் கேஷியர். கிளையில் மொத்தம் ஏழு பேர். கவுண்டருக்கு அடியில் காலால் அழுத்துகிற அலாரம் ஒன்று இருந்தது. அதை யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வரும், சோதித்ததாக எழுதி அனுப்புவோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஆடி மாதம், மூன்று மணி இருக்கும். கேஷ் முடித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று சைரன் அலறியது. ஊரே கேட்கும்படி. எங்கள் யாருக்கும் அது என்ன சத்தம் என்றே ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான் எழுந்தேன். இடுப்பில் ஸ்ட்ராங் ரூம் சாவி. மேஜையில் எண்ணி வைத்த பணம். எதையும் பார்க்கவில்லை. பின்கதவு வழியாக ஓடி, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய் நின்றேன். செருப்பு ஒன்று வழியிலேயே விழுந்துவிட்டது.

ஐந்து நிமிடம் கழித்து யாரும் சுடவில்லை என்று தெரிந்ததும் மெதுவாக எட்டிப் பார்த்தேன். வாசலில் ஊரே கூடியிருந்தது. பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியோடு நின்றார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை பேர் உள்ளே, எத்தனை லட்சம் என்று அதற்குள் கதை முழுதாகத் தயாராகியிருந்தது. படத்தில் தெரு முழுக்கக் கூட்டம் சேர்ந்து சோனிக்குக் கை தட்டுகிறது. பீட்சா கொண்டுவந்த பையன் டி.வி. கேமராவைப் பார்த்ததும் தான் நட்சத்திரமாகிவிட்டதாகக் குதிக்கிறான். எனக்கு அந்த பஜ்ஜிக் கடைக்காரர்தான் ஞாபகம் வந்தார். பிரம்பும் சைக்கிளுமாக இரண்டு காவலர்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. எதுவும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் செருப்பைத் தேடிக் காலால் துழாவியபோது அலாரத்தை மிதித்திருக்கிறாள்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நான் திரும்பி உள்ளே போனபோது அவள் கவுண்டரை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். கேஷ் பெட்டியைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, என் மேஜையில் நான் விட்டுப்போன கட்டுகளையும் இழுத்துத் தன் மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "மேடம், எண்ணிப் பாத்துக்கங்க" என்றாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. எண்ணினேன். சரியாக இருந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம்கூட, போலீஸைக் கூப்பிடப் பின்பக்கமாகப் போனேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, புரூக்ளினுக்குத் திரும்புவோம். பிணைக்கைதி விவகாரங்களில் போலீஸ் எப்படிப் பேச வேண்டும் என்று இன்று பாடத்திட்டமே இருக்கிறது. அன்று இல்லை. படத்தில் சார்ல்ஸ் டர்னிங் நடித்த மொரெட்டி என்கிற போலீஸ்காரர் தெருவில் நின்று தன் ஆட்களைப் பார்த்தே துப்பாக்கியை இறக்கு, இறக்கு என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போகிறார். இந்தக் கொள்ளை நடந்து இரண்டு வாரத்தில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1973இல்தான் நியூயார்க் போலீஸ் இதற்கென்று தனிக் குழு அமைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க், போலீஸ்காரராகவும் உளவியல் முனைவராகவும் இருந்தவர். நேரத்தை இழு, அவனைப் பேசவிடு, அவசரப்படாதே என்பதுதான் அவர்கள் வகுத்த வழி. படத்தைப் பார்த்தால் மொரெட்டி அதில் பாதியைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. புரூக்ளின் சம்பவம் முடிந்தது 1972 ஆகஸ்ட் 23 விடியற்காலை. சரியாக ஒரு வருடம் கழித்து, 1973 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாக்ஹோமில் ஒருவன் வங்கிக்குள் துப்பாக்கியோடு நுழைந்து நான்கு ஊழியர்களை ஆறு நாள் பிணை வைத்தான். ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. பிணைக்கைதிகள் பிடித்தவன் பக்கம் சாய்ந்துவிடுகிற வியாதி என்றார்கள். படத்தில் சோனி ஒரு கேஷியர் பெண்ணுக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து ராணுவக் கவாத்துச் சொல்லிக்கொடுக்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே செய்கிறாள். இதையும் அந்த வியாதிக் கணக்கில் சேர்ப்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏ.சி.யை வெளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வெளியே இருநூறு துப்பாக்கி, உள்ளே இரண்டு. எது முதலில் வெடிக்கும் என்று அந்தப் பெண்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். நாள் முழுக்க கணக்குப் போடுகிறவர்கள்தானே.

பணம் எதற்கு என்பது படத்தின் நடுவில்தான் தெரிகிறது. சோனிக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. அதோடு லியான் என்றொருவரையும் மணந்திருக்கிறான். லியானின் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்காகத்தான் பணம். நிஜத்தில் அவர் பெயர் எலிசபெத் ஈடன். நம் ஊரில் திருநங்கை என்ற சொல் பத்திரிகைகளில் புழங்க வருவதற்குப் பல காலம் முன்பு வந்த படம். லியானாக வந்த கிறிஸ் சரண்டனைப் பார்த்துத் தெருக்கூட்டம் சிரிக்கிறது, ஆனால் கேமரா சிரிக்கவில்லை. சோனி லியானோடும், பிறகு மனைவியோடும் போனில் பேசுகிற காட்சிகள் சேர்ந்து ஏறக்குறைய 14 நிமிடம். ஒரு கேமராவின் பிலிம் அவ்வளவு நேரம் ஓடாது என்று பக்கத்தில் இன்னொன்றை வைத்து விடாமல் எடுத்தார் லூமெட். முடிந்ததும் மூச்சு விடக்கூட இடைவெளி கொடுக்காமல் இன்னொரு முறை எடுத்தார். படத்தில் இருப்பது அந்த இரண்டாவது. பசீனோவின் முகத்தில் தெரிகிற களைப்பு நடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு அதைப் பார்ப்பதே சங்கடமாக இருக்கிறது.

சினிமாவும் நிஜமும் இந்தக் கதையில் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. வோட்டோவிச் அன்று காலை 'காட்ஃபாதர்' பார்த்துவிட்டுப் போனதாகப் பின்னாளில் சொன்னார். அதில் அண்ணன் தம்பியாக வந்த ஜான் கசாலும் பசீனோவும்தான் இந்தப் படத்தில் கொள்ளைக்காரர்கள். சம்பவத்தைப் பற்றி 'லைஃப்' பத்திரிகையில் வந்த கட்டுரை வோட்டோவிச்சின் முகத்தை வர்ணிக்கும்போது அல் பசீனோ பெயரையே சொன்னது. படத்துக்காக அவருக்குக் கிடைத்த 7,500 டாலரிலிருந்துதான் எலிசபெத் ஈடனின் சிகிச்சைக்குப் பணம் போனது. ஆக, கொள்ளையில் கிடைக்காதது கொள்ளையைப் பற்றிய சினிமாவில் கிடைத்தது. அந்த அம்மாள் 1987இல் இறந்துபோனார். வோட்டோவிச் 20 வருடத் தண்டனை பெற்று 1978இல் வெளியே வந்துவிட்டார். அப்புறம் அதே வங்கி வாசலில் "இந்த பேங்கைக் கொள்ளையடித்தவன் நான்" என்று பொருள்பட எழுதிய பனியனோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே கவுண்டரில் அன்று இருந்தவர்கள் யாராவது அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? 2006இல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

படத்தில் 30 சதவீதம்தான் நிஜம் என்று அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் ஒரே ஒரு சதவீதத்தில்தான் சண்டை. சால். ஜான் கசாலுக்கு அப்போது 39 வயது. முன்வழுக்கை, பெரிய நெற்றி, எதையும் நம்பாத கண்கள். எந்த நாட்டுக்குப் போகலாம் என்று சோனி கேட்க, வயோமிங் என்கிறான். அது அமெரிக்காவிலேயே ஒரு மாநிலம். வசனத்தில் இல்லாததை கசால் தானாகச் சொன்னது அது. சிகரெட் பிடிக்கிற கேஷியர் பெண்ணிடம் உடம்பு ஆண்டவனின் கோயில் என்கிறான். விமானத்தில் ஏறியதே இல்லை என்று பயப்படுகிறவனுக்கு, விடுதலையாகிப் போகிற ஒரு பெண் தன் ஜெபமாலையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கசால் நடித்தது மொத்தம் ஐந்தே முழுநீளப் படங்கள். ஐந்தும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்றவை. 42 வயதில் இறந்துவிட்டார். அவர் நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் நிஜ சால், சால்வடோர் நாட்டுரிலே, 18 வயதுப் பையன். பதினெட்டு. இதை நான் இரண்டாம் முறை பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதனால் இந்த மூன்றாம் முறை படம் வேறு மாதிரி ஓடியது. ஒவ்வொரு தடவை சால் திரையில் வரும்போதும் நான் வேறொரு முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்ட வார்த்தை பேசாதே என்று சில்வியா அதட்டுவது இப்போது வேறாகக் கேட்டது. பதினெட்டு வயதுப் பையனையே நடிக்க வைத்திருந்தால் யாராலும் முடிவைத் தாங்கியிருக்க முடியாது என்று லூமெட் நினைத்தாரோ என்னவோ. தாங்க முடியாமல் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கென்னடி விமான நிலையம். ஐம்பது வருடப் படத்துக்கு முடிவைச் சொன்னால் பாவமில்லை. வண்டி ஓட்டிவந்த எஃப்.பி.ஐ. ஆள், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் தவறி வெடித்துவிடும், துப்பாக்கியை மேலே பார்த்துப் பிடித்துக்கொள் என்று சாலிடம் பொறுமையாகச் சொல்கிறான். சால் சொன்னபடி கேட்கிறான். ஒரே குண்டு. பிணைக்கைதிகள் இறங்கி ஓடுகிறார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். சோனி பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சில்வியாவும்தான். அவளுடைய பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், கணக்கு சரியாக இருக்கிறது, அவளுக்கு வேறு என்ன வேண்டும். சோனி கார்மேல் கவிழ்ந்தபடி, தள்ளுவண்டியில் சாலின் உடலை எடுத்துப் போவதைப் பார்க்கிறான். விமானங்களின் இரைச்சல் மட்டும் கேட்கிறது.

அந்த இடத்தில் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று இவர் திண்ணையிலிருந்து உள்ளே வந்தார்.

கவுண்டரில் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இப்போது ஒரு பெரிய கிளையில் முதுநிலை மேலாளர். தலை பாதி நரைத்துவிட்டது என்று வாட்ஸ்அப் படத்தில் தெரிகிறது. அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தேன். இப்படி ஒரு படம் இருக்கிறது, அதில் ஒரு ஹெட் கேஷியர் வருகிறாள், அவசியம் பார் என்றேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்செடுக்கலாம் என்று நினைத்துத்தான் செய்தேன், வாய் வரவில்லை.

"ஆடிட் நடக்குது மேடம். முடிஞ்சதும் பாக்குறேன்" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.